கர்சரின் நடையிலக்கணம்: பகுபத நோக்கில் ஓர் ஆய்வு

கன்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் கர்சர் ஒரு சொல்லைத் தாவும். தாவும்போது சொல்லின் உள்ளே எங்கெங்கு கால் வைக்க வேண்டும் என்று தமிழ்ப் புலமையுலகம் இதுகாறும் வினவவில்லை. வியப்பில்லை, பேராசிரியர்களின் கட்டுரையை வேறு யாரோதான் டைப் அடிக்கிறார்கள்.

நிரலாளர்கள் முந்திக்கொண்டார்கள். ஈமேக்ஸ், விஎஸ் கோட் போன்ற எடிட்டர்களில் சொல்லின் பகுதிதோறும் கர்சரை நிறுத்தலாம். அதற்கான கட்டளையை விரும்பிய பொத்தானில் அமர்த்திக்கொள்ளலாம். ஆனால் அது நிற்பது சொல்லின் நடுவே வரும் பெரிய எழுத்திலும் அடிக்கோட்டிலும். தமிழுக்கு ஏது பெரிய எழுத்து? அம்மாபேட்டை டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகையின் 'நடைபெறவிருப்பதால்' நடுவே ஒரு பிழை என்றால், கர்சர் ஒன்று இந்தக் கரையில் நிற்கும், இல்லை அந்தக் கரையில்.

கர்சர் நடை மூவகைப்படும். எழுத்து நடை: எளிது. சொல் நடை: கூறப்பட்டது. உறுப்பு நடை: இனிக் கூறப்படும்.

பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்பை நன்னூல் வகுத்திருக்கிறது. ஆறிலும் கர்சர் நிற்க வேண்டும் என்பது நம் துணிபு. பள்ளிப் பிள்ளைகளை வாட்டும் 'வந்தனன்' என்பதையே எடுத்துக்கொள்வோம். எழுத்து ஐந்து, யூனிகோடு குறியீடு ஏழு, உறுப்பு ஆறு. இடைநிலையாகிய த் முடிந்து சாரியையாகிய அன் தொடங்குமிடம் 'த' என்ற எழுத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. யூனிகோடில் 'த' ஒரே குறியீடு. உள்ளே போக வழியில்லை. 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 என்ற குறியேற்ற முறையும் உயிர்மெய்க்குத் தனித்தனி இடம் தந்ததேயன்றி, வயிற்றைக் கீறவில்லை.

கர்சர் 'த'வின் வயிற்றில் நிற்கலாம் என்பர் ஒருசாரார் (காண்க: மேற்படி கடை ரசீதுப் புத்தகம், பின்னட்டை, பென்சில் குறிப்பு). கூடாது என்பர் மறுசாரார் (காண்க: அதே அட்டை, அக்குறிப்பை அழித்த ரப்பர்த் தடம், டீக்கறைக்குத் தென்மேற்கே). இரண்டும் பொருந்தும் என்பது கிடைக்காத ஓர் ஓலைச்சுவடியின் கருத்து. கிடைக்காமையே அதன் தொன்மைக்குச் சான்று என்பர், அதை வைத்துப் பட்டம் பெற்றோர்.

விகாரம் இன்னும் கடினம். சந்தியாகிய த் என்பது ந் ஆன நிகழ்ச்சி அது. நிகழ்ச்சியின்மேல் எப்படி நிற்பது? கர்சர் சிமிட்டி மறையும் கணத்தில் விகாரத்தின்மேல் நிற்கிறது என்று கொள்க. மறுப்போர் கண்டு காட்டட்டும்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த டிடிபி தம்பி, "நடுவுல ஒரு ஸ்பேஸ் தட்டுங்கண்ணே, நின்னுக்கும். திருத்திட்டு அழிச்சுடலாம்ங்க" என்றார்.

இதற்கு 'வெற்றிடச் சந்தி' என யாம் பெயரிட்டுள்ளோம். கண்டுபிடிப்பு எமது. தம்பியின் பெயர் நன்றியுரையில் இடம்பெறும். நன்றியுரை இரண்டாம் பதிப்பில்.