போக ஒரு காற்று, வர ஒரு காற்று

வெள்ளானூர் வாசகர் ஒருவரின் அஞ்சலட்டை முதலில் வந்தது. அதைப் படித்ததும், கடலைப் பற்றி ஏற்கெனவே வந்து காத்திருந்த கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டேன். இந்த வாரம் முழுக்கப் பாய்மரந்தான்.

கே: எங்கள் ஊரிலிருந்து கடல் இருபது கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் காசிமேட்டு மீன்தான் சாப்பிடுகிறோம். இன்ஜின் வருவதற்கு முன்னால் அந்த மீனை எப்படிப் பிடித்தார்கள்? (வெள்ளானூர்)

ப: கட்டுமரத்தில், பாய் விரித்துப் பிடித்தார்கள். விடியலுக்கு முன் நிலம் குளிர்ந்து கிடக்கும். அப்போது காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். அந்தக் கரைக்காற்றில் பாய் ஏற்றிப் போவார்கள். வெயில் ஏறி மணல் கொதித்ததும் காற்று திரும்பிக்கொண்டு கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். அந்தக் காற்றில் மீனோடு வீடு திரும்புவார்கள். போக ஒரு காற்று, வர ஒரு காற்று, இரண்டுக்கும் காசு கிடையாது. நடுவில் காற்று செத்துப்போனால் துடுப்பு இருக்கிறது, தோள் இருக்கிறது.

கே: நாலு கட்டையைச் சேர்த்துக் கட்டினால் கட்டுமரம். இதில் என்ன பெரிய தொழில்நுட்பம்? (அம்பத்தூர்)

ப: நீங்கள் ஒன்றைக் கட்டிப் பாருங்கள், கரையிலேயே பிரிந்துவிடும்! மரம் லேசாக இருக்க வேண்டும், தண்ணீரைச் சட்டென்று குடிக்கவும் கூடாது. ஒவ்வொரு கட்டையையும் வாய்ச்சியால் செதுக்கி, பக்கத்துக் கட்டையோடு பொருந்தும்படி வளைவு கொடுப்பார்கள். அலையைக் குத்தி ஏறுவதற்காக அணியம், அதாவது முன்பக்கம், மேல்நோக்கி எழும்பி இருக்கும். ஆணி ஒன்றுகூடக் கிடையாது, முழுக்கக் கயிற்றுக் கட்டு. அதனால் அலை மோதும்போது மரம் முறுக்கிக்கொடுக்கும், உடையாது. உள்ளே தண்ணீர் புகுந்து மூழ்கிவிடுமே என்று கேட்பீர்கள். இதற்கு ‘உள்ளே’ என்று ஓர் இடமே இல்லை. வந்த தண்ணீர் இடுக்கு வழியாகவே இறங்கிப் போய்விடும்.

கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாக மணலில் இழுத்துப் போட்டுக் காயவைப்பார்கள். ஈரம் ஊறிய மரம் கனக்கும், மறுநாள் மிதப்பு குறையும். பட்டினப்பாக்கம் மணலில் ஒரு பழைய கட்டையைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பல வருஷமாக ஒரே இடத்தில் கயிறு அழுந்தியதில், சுண்டுவிரல் உட்காரும் அளவுக்குப் பள்ளம். ஓரங்கள் கண்ணாடி மாதிரி வழவழப்பு. அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

கே: மற்ற நாட்டார் பெரிய பெரிய மீன்பிடிப் படகு கட்டியபோது நம்மவர்கள் ஏன் கட்டுமரத்தோடு நின்றுவிட்டார்கள்? (பட்டாபிராம்)

ப: நம் கரை அப்படி. சோழமண்டலக் கரையில் சென்னைப் பக்கம் கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் இல்லை. நேர்கோடாக மணல், அதன் முன்னால் வரிசை வரிசையாக உடையும் அலை. ஆணி அடித்த கனமான படகு அந்த அலையில் தரை தட்டினால் பலகை பலகையாகப் போய்விடும். கட்டுமரமும், கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகும் மட்டுமே தாங்கின. வெள்ளைக்காரக் கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நிற்க, ஆளையும் சரக்கையும் மசூலாக்காரர்கள்தான் கரை சேர்த்தார்கள். மசூலாவும் போக முடியாத கடலில் கட்டுமரக்காரர் கடிதத்தைக் கூம்புத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு போய்க் கப்பலில் கொடுத்துவிட்டு வருவார். அலை அடித்து அவரைத் தள்ளினாலும் நீந்தி மரத்தைப் பிடித்து ஏறிக்கொள்வார். கடிதம் நனையாது.

சென்னைத் துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டினார்கள். 1881 நவம்பரில் வந்த ஒரு புயல், கட்டிக்கொண்டிருந்த அலைதடுப்புச் சுவர்களைப் பிய்த்து எறிந்தது. கல்லால் கட்டியது உடைந்த கடலில்தான் கயிற்றால் கட்டியது போய்வந்துகொண்டிருந்தது. இதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன்.

கே: ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்றால் இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகு. நம் கட்டுமரத்துக்கும் அதற்கும் என்ன உறவு? (திருமுல்லைவாயில்)

ப: பெயர் மட்டும்தான் உறவு. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697இல் வெளியான தன் பயண நூலில் இந்தக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். சொல் ஊர் ஊராகப் போய், பசிபிக் தீவுகளில் இருந்ததைப் போன்ற இரட்டைப் படகுக்கும் ஒட்டிக்கொண்டது. 1876இல் அமெரிக்காவில் நத்தானியல் ஹெரெஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை உடல் பாய்ப்படகைப் போட்டியில் ஓட்டி மற்றவர்களைத் திகைக்க வைத்தார். அதன் வாரிசுகள்தான் இன்றைய சொகுசுப் படகுகள்.

கே: பாய்மரத்துக்குக் காற்று எதிரே அடித்தால்? (ஆவடி)

ப: நேராகப் போக முடியாது, சாய்ந்து சாய்ந்து போகலாம். கட்டைகளுக்கு நடுவே ஒரு பலகையைச் செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். காற்று பக்கவாட்டில் தள்ளுவதை அந்தப் பலகை தடுக்கும். முக்கோணப் பாயை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி, வளைந்து வளைந்து முன்னேறுவார்கள். வாடைக்கு ஒரு வழி, கொண்டலுக்கு ஒரு வழி, கச்சானுக்கு ஒரு வழி. வடக்கு, கிழக்கு, மேற்குக் காற்றுகளை இப்படித் தனித்தனிப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் அவர்கள்.

கே: ‘பறக்கும் மீன்’ பிடிக்கவென்றே தனிக் கட்டுமரம் இருந்ததாமே? (அயப்பாக்கம்)

ப: இருந்தது. இதைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி, எனக்கு மிகவும் பிடித்த கதை இது. பறக்கும் மீனுக்கு நம் கரையில் கோலா என்று பெயர். நாகப்பட்டினம் பக்கத்தில் அதற்காகவே கட்டிய பெரிய மரம் ‘கோலாமரம்’. சாதாரணக் கட்டுமரத்தைவிடக் கட்டைகள் கூடுதல், பாயும் பெரிது. கரை கண்ணுக்குத் தெரியாத தூரம் போக வேண்டுமே!

கோடையில் கோலா முட்டையிட இடம் தேடி வரும். நடுக்கடலில் செடி ஏது, பாறை ஏது? மீனவர்கள் இலைதழைகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, கயிற்றில் கோத்து மிதக்கவிடுவார்கள். பாயை இறக்கிவிட்டு அசையாமல் இருப்பார்கள். மீன் கூட்டமாக வந்து தழைக்குள் புகும்போது மெல்ல இழுத்து வலையால் அள்ளுவார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் கோலாமரத்தைப் பற்றி விவரமாக எழுதிவைத்திருக்கிறார். அதிகாரி ஒருவர் மணலில் இறங்கி, எந்தக் கட்டை எங்கே, எந்தக் கயிறு எதற்கு என்று பார்த்து எழுதியதால் நமக்கு இவ்வளவாவது கிடைத்தது. எழுதாமல் போனது எவ்வளவோ!

கே: பழைய படங்களில் பாய் எல்லாம் காவி நிறத்தில் இருக்கிறதே, சாமியார் படகா? (பருத்திப்பட்டு)

ப: பருத்தித் துணி உப்புத் தண்ணீரில் சீக்கிரம் இற்றுப்போகும். அதனால் மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்து எடுப்பார்கள். பருத்தி வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறு. அந்தத் துவர்ப்பு ஏறினால் நூல் உறுதிப்படும், நிறமும் ஏறும். இங்கிலாந்தில் பிரிக்ஸ்ஹாம் மீனவர்களும் தங்கள் பாயை ஓக் மரப்பட்டை, செங்காவி, கொழுப்பு சேர்த்துச் சிவக்க வைத்தார்கள். அவர்களும் நம்மவர்களும் சந்தித்துப் பேசியதில்லை, இரண்டு பேருக்கும் உப்புதான் சொல்லிக்கொடுத்தது. நைலான் வந்ததும் பனிச்சங்காய் இடிக்கிற சத்தம் குப்பங்களில் நின்றுபோயிற்று.

கே: தமிழர் கட்டிய பாய்க்கப்பல் அமெரிக்கா வரை போனதாகச் சொல்கிறார்களே, உண்மையா? (பூந்தமல்லி)

ப: உண்மை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ அது. மீன்பிடிப் படகில்லை, சரக்குக் கப்பல். நீளம் 90 அடிக்குச் சற்றுக் குறைவு. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கித் தன் மனைவி பெயரை வைத்தார். வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் அதைச் செலுத்திக்கொண்டு போய் 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். அந்தக் குளோஸ்டர், பாய்மர மீன்பிடிக் கப்பல்களுக்குப் பேர்போன ஊர். கடலில் திரும்பாமல் போன மீனவர்களின் பெயர்களை, 5,368 பேரை, அங்கே கரையில் பொறித்து வைத்திருக்கிறார்கள். காசிமேட்டிலும் அப்படி ஒரு பெயர்ப்பலகை வேண்டும் என்று பல வருஷமாக ஆசைப்படுகிறேன். பெயர்கள் தெரிந்த பாட்டிமார் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.

கே: பாய் எப்போது இறங்கியது? (கொரட்டூர்)

ப: ஒரே நாளில் இறங்கவில்லை. 1950களில் அரசு இயந்திரப் படகுக்கு உதவ ஆரம்பித்தது. இழுவலைப் படகுகள் பெருகின, கரையோர மீனுக்குச் சண்டை வந்தது. 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையை ஒட்டிய மூன்று கடல் மைல் பாரம்பரிய மீனவர்களுக்கு என்று ஒதுக்கியது. அடுத்த வருஷம் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் திறந்தது. கட்டுமரக்காரர்களும் சின்ன மோட்டார் மாட்டிக்கொண்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி கரையிலிருந்த மரங்களை உடைத்தது. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். அலையில் போனது மரம் மட்டும்தான், ஆனால் அதைக் கட்டுகிற கைக்கு அதன்பிறகு வேலையே வரவில்லை.

இன்ஜினைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. காற்று செத்த நாளில் மணிக்கணக்காகத் துடுப்புப் போட்ட தோளுக்குத்தான் அதன் அருமை தெரியும். டீசல் விலை கேட்டுத் தலையில் கைவைக்கிறவரும் அதே தோள்காரர்தான்.

கே: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. பாய்மரத்துக்கும் உண்டா? (திருநின்றவூர்)

ப: இல்லை. பாயும் துடுப்பும் மட்டுமே உள்ள படகுக்கு அந்த 61 நாளும் கடல் திறந்தே இருக்கிறது.

கே: சித்திரை, வைகாசியில் எங்கள் மொட்டைமாடியில் மதியம் அனல், சாயங்காலம் திடீரென்று சில்லென்று ஒரு காற்று கிழக்கே இருந்து வருகிறது. அது என்ன காற்று, சார்? (வெள்ளானூர், பிளஸ் டூ மாணவி)

ப: கடற்காற்று, பாப்பா. காசிமேட்டில் நண்பகலையொட்டிக் கரையேறி, நகரத்தைத் தாண்டி, உங்கள் மாடிக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடுகிறது. கட்டுமரங்களைக் கரைக்குக் கொண்டுவந்த காற்று இதுதான். நாளைக்கு அது வருகிற நேரத்தைக் குறித்துவை. ஒரு மாதம் குறித்து எனக்கு அனுப்பு, இந்தப் பகுதியில் போடுகிறேன்.