வெத்தலைக் கட்டுக்குத் தெளிக்கிற தண்ணி

ஏனுங்க ஏரோப்ளேன் கம்பெனிக்காரரே, வாங்க, இப்படித் திண்ணையில உக்காருங்க. நான் பரமத்தி வேலூர்க்காரன். ஆயுசு பூரா வெத்தலைக் கொடிக்கால்லயே கெடந்தவன். விமானத்தை அண்ணாந்து பாத்ததோட சரி, உள்ள ஏறுனதில்லைங்க. ஏறாதவன் சொல்ற யோசனைதான் சல்லிசாக் கெடைக்கும், கேட்டுக்குங்க.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். மெட்ராஸ் ஏரோட்ரோமையே மூடிட்டாங்க. டெல்லியில இருந்து வந்த எம் பேரனைப் பெங்களூருல எறக்கிட்டாங்கன்னதும் எனக்கு ஒரே சந்தோசம். மெட்ராசை விடப் பெங்களூருதான் நம்மூருக்குக் கிட்டம். ஓசூர், தருமபுரி, சேலம், நாமக்கல்லுன்னு ஒரே ரோடு. கதவைத் தெறந்து விட்டாத்தானுங்களே! நாலு மணி நேரம் உள்ளேயே உக்காந்திருந்தான். கேட்டப்பல்லாம் ‘இன்னும் அரை மணி நேரம்’னாங்களாம். உங்க அரை மணி நேரத்துக்கு எத்தனை நிமிசமுங்க?

புயலை நீங்க கொண்டாரலை, ஒத்துக்கறேன். பத்திரமா எறக்குனதுக்கு ஒரு கும்புடும் போடறேன். ஆனா எறக்குன பொறவு? எங்கூரு வெத்தலை லாரியேறி வெளியூருக்குப் போகுது. வழியில வண்டி நின்னுட்டா டிரைவர் மொதல்ல என்ன பண்ணுவாருங்க? கட்டைப் பிரிச்சுத் தண்ணி தெளிப்பாரு. வெத்தலை டிக்கெட்டு எடுக்கலை. இருந்தும் தண்ணி உண்டு.

2024 சனவரியில கோவாவுல இருந்து டெல்லிக்குப் போன இண்டிகோ விமானத்தைப் பனிமூட்டத்துனால மும்பைக்குத் திருப்புனாங்களே, நெனப்பிருக்குங்களா? சனம் எறங்கி, விமானத்துக்குப் பக்கத்துலயே தரையில சம்மணம் போட்டுச் சாப்புட்டுச்சு. நாடே பாத்துச்சு. கம்பெனிக்கு 1.20 கோடி ரூவா அபராதம். மும்பை விமான நிலையத்துக்கு 90 லட்சம். நல்லாத்தான் போட்டாங்க. அந்தக் கோடியில ஒரு வாழைப்பழமாச்சும் பசிச்சவன் இலையில உழுந்துச்சுங்களா?

விதி இல்லாம இல்லீங்க. ரெண்டரை மணி நேரத்துக்குள்ள போய்ச் சேர்ற விமானம், ரெண்டு மணி நேரம் தாமதமானா சாப்பாடும் தண்ணியும் குடுக்கோணும்னு விமானப் போக்குவரத்து இயக்குநரகமே சொல்லுது. மழை, பனி, புயல்னா நஷ்டஈடு தர வேண்டியதில்லைன்னும் அதே விதியில தப்பிச்சுப் போக ஒரு இட்டேரி விட்டிருக்காங்க. நீங்க பாக்கற பாதை பூரா அந்த இட்டேரிதான்.

ஐரோப்பாவுல 2010ல ஐஸ்லாந்து எரிமலை பொகையக் கக்குச்சு. போர்ச்சுகல்ல ஒரு வாரம் மாட்டிக்கிட்ட ஒரு அம்மா, சாப்பாட்டுக்கும் தங்கறதுக்கும் செலவு பண்ணுன கிட்டத்தட்ட 1,130 யூரோவைக் கேட்டு ரையன்ஏர் மேல வழக்குப் போட்டுச்சு. எரிமலைக்கு நாங்க என்ன பண்றதுன்னு கம்பெனி கேட்டுச்சு. எரிமலையே வெடிச்சாலும் சோறும் படுக்கையும் உங்க பொறுப்புன்னு 2013ல ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிப்போட்டுது. இத்தனைக்கும் ரையன்ஏர் டிக்கெட்டுல சல்லிசுக்குப் பேர்போன கம்பெனி.

அவ்வளவு தூரம் எதுக்குங்க? 2022 ஆகஸ்டுல மேட்டூர்ல இருந்து ரெண்டு லட்சம் கன அடித் தண்ணி வந்துச்சு. காவிரிக் கரையோரத்துச் சனத்தைப் பள்ளிக்கூடத்துலயும் மண்டபத்துலயும் தங்க வெச்சுச் சோறு போட்டாங்க. ‘மழை வருணபகவான் வேலை, சோறும் அவரையே கேளுங்க’ன்னு தாசில்தார் சொல்லியிருந்தா எங்க சனம் சும்மா உட்டிருக்குமா?

அதனால கண்ணு, எந்த ஊருக்குத் திருப்புவீங்கன்னு பைலட்டுக்கு முன்கூட்டியே தெரியும். எறங்கற ஊருல இட்லிக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லி வெச்சிருங்க. எறங்கிக்கறேங்கறவனை, விதி எடங்குடுத்தா மூட்டை முடிச்சோட எறக்கி உட்ருங்க. கொழந்தையும் வயசானவங்களும் எங்க உக்காந்திருக்காங்கன்னு பாருங்க. அரை மணி நேரம்னு புளுகாதீங்க; தெரியலைன்னா தெரியலைங்கோணும்.

அடுத்த வாரம் பேரன் மறுக்கா வாறான். அவங்க ஆத்தா புளிச்சோறு கட்டி அனுப்பறா. கொஞ்சம் கூடுதலாவே கட்டச் சொல்லியிருக்கேன். நின்னு திட்டு வாங்கற உங்க விமானப் பொண்ணுக்கும் பசிக்குமில்லீங்களா?