ஐந்துக்கு எத்தனை மனவுறுதி?

பிசியோதெரபி கல்லூரி ஒன்றில் பி.பி.டி. மூன்றாம் ஆண்டில் பாதி வகுப்புக்கு அரியர். காரணத்தை நிர்வாகம் கண்டுபிடித்துவிட்டது: பிள்ளைகளிடம் மனவுறுதி இல்லையாம். உடனே கோட் போட்ட பயிற்சியாளர் ஒருவர் வந்து இறங்கினார். ஏ.சி. ஹால், பொன்னாடை, ஆளுக்கொரு தாள். அடி விழுந்தால் சோர்ந்துபோவீர்களா, தொட்டதை முடிப்பீர்களா என்ற ரகத்தில் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். கூட்டி வகுத்தால் பிள்ளையின் மனவுறுதி தசமப் புள்ளியோடு வந்து நிற்கும்.

தாளில் விட்டுப்போன கேள்விகள் மாடியில், எலக்ட்ரோதெரபி லேபில் இருக்கின்றன. அங்கே ஓர் அல்ட்ராசவுண்ட் மெஷின் உண்டு. உயிருள்ள மெஷின் என்றால், அதன் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் துள்ளும். இங்கே விட்ட சொட்டு விட்டபடியே கிடக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் ஜெல் தடவி, அந்தச் செத்த தலையைத் தோழியின் தோளில் வட்டவட்டமாகத் தேய்த்து, டோசேஜை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். லாக் புக்கில் கையெழுத்தும் விழுகிறது. இதைவிட மனவுறுதி எந்த ராணுவத்தில் இருக்கிறது?

ராணுவம் என்று சும்மா சொல்லவில்லை. 'கிரிட்' என்று இந்த மனவுறுதியை அளக்கக் கிளம்பிய அமெரிக்க உளவியலாளர் ஆஞ்சலா டக்வொர்த், 2007இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியின் கேடட்களையும் அளந்தார். முதல் கோடைப் பயிற்சியில் யார் தாக்குப்பிடிப்பார் என்று பார்த்தார். பயிற்சியாளர் மேடையில் சொல்லாமல் விட்டது ஒன்று: வெஸ்ட் பாயின்டில் கல்விக் கட்டணம் கிடையாது, கேடட்டுக்கு மாதச் சம்பளம் உண்டு. இன்னொன்றும் விட்டார். இந்த அளவுகோலை வைத்துப் பள்ளிகளை எடைபோடாதீர்கள் என்று 2016இல் நியூயார்க் டைம்ஸில் எழுதியவர் வேறு யாருமல்ல, டக்வொர்த்தேதான். மறு ஆண்டே ஆய்வாளர் மார்கஸ் கிரெடேயும் சகாக்களும் 66,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். உளவியலாளர்கள் முன்பே அளந்துவந்த பொறுப்புணர்வுக்கும் கிரிட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, மதிப்பெண்ணோடு உள்ள உறவும் சுமார்தான் என்று தெரிந்தது. இதையெல்லாம் சொன்னால் அடுத்த கல்லூரியில் பொன்னாடை விழுமா?

நம் பிள்ளைக்குச் சம்பளமா? ஃபீஸ் பாக்கி என்று பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் வரை ஹால் டிக்கெட்டை ஆபீஸ் பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்பா அடகுக்கடையில் வளையலை வைத்துவிட்டு, வாசலில் நின்றபடியே ஜிபே பண்ணுகிறார். மகள் ராத்திரி ஒன்பது மணிக்குமேல்தான் பிராக்கியல் பிளெக்சஸை வரைந்து பார்க்க உட்காருகிறாள். மறுநாள் ஒரு நரம்பு இடம் மாறிவிடுகிறது. அரியர். மனவுறுதி: 2.8.

தட்டுத்தடுமாறிக் கரையேறினால் இன்டர்ன்ஷிப். இதுவரை ஆறு மாதம். 2025இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் ஒரு வருஷம். இந்தக் கல்லூரியில் ஸ்டைபண்ட் என்ற பேச்சே இல்லை. தொழில் கற்றுக்கொள்கிறாயே, அதுதான் கூலி என்பார் தாளாளர். பக்கவாத நோயாளிகளைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றி மாற்றி, இருபத்திரண்டு வயதில் அவள் இடுப்பிலேயே பெல்ட் ஏறிவிட்டது. (பிசியோதெரபிஸ்ட்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடக் கூடாது என்று 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் ஒரு கடிதம் விட்டது, அடுத்த நாளே அதைத் திரும்பப் பெற்றது. அவர்களிடமும் அந்தத் தாளைக் கொடுத்துப் பார்க்கலாம்.)

தாளாளர் மட்டும் தாளை நிரப்பவில்லை. அவருக்கு நானே நிரப்பித் தருகிறேன். ஆய்வுக்குழு வருகிறது என்றால் முதல் நாள் ராத்திரியே ஊரிலுள்ள கிளினிக்குகளிலிருந்து டிராக்‌ஷன் டேபிளும் ஐ.எஃப்.டி. மெஷினும் டெம்போவில் வந்து இறங்கிவிடும். குழுவின் கார் கேட்டைத் தாண்டியதும் அதே டெம்போவில் திரும்பிப் போய்விடும். அடி விழுந்தால் சோர்ந்துபோவாரா? மாட்டார். தொட்டதை முடிப்பாரா? இருட்டுவதற்குள் முடிப்பார். வருஷம் தவறாமல் இதைச் செய்கிறார் மனுஷன். ஐந்துக்கு ஐந்து.