அறிவியலைக் கொண்டு வாழ்வின் அர்த்தத்தைத் தொலைப்பது எப்படி?

வாழ்க்கைக்கு அர்த்தமில்லை என்று வெறுமனே சொன்னால் எவரும் மதிக்கமாட்டார்கள். "ராத்திரி சரியாத் தூங்கலையா?" என்று கேட்பார்கள். அறிவியலே சொல்லிவிட்டது என்று ஆரம்பியுங்கள். எதிரே இருப்பவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

முதலில் பெரிய எண்களாக நாலைந்து சேர்த்துக்கொள்ளுங்கள். பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு. இன்னும் 500 கோடி ஆண்டு போனால் சூரியன் ஊதிச் சிவந்துவிடும். 1990 பிப்ரவரியில் வாயேஜர் 1 சுமார் 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுத்த படத்தில் பூமி ஒரு புள்ளிக்கும் குறைவு. 'அப்படியானால் இந்த மாதக் கரண்ட் பில்லை ஏன் கட்டினீர்கள்?' என்று யாராவது கேட்டால் உடனே பேச்சை மாற்றிவிடுங்கள்.

அடுத்து, சாட்சிக்கு ஒரு பெரிய மனிதர் வேண்டும். இயற்பியலாளர் ஸ்டீவன் வெயின்பெர்க் தோதானவர். 1977இல் வந்த அவருடைய 'முதல் மூன்று நிமிடங்கள்' புத்தகத்தின் கடைசியில், பிரபஞ்சத்துக்கு நோக்கம் எதுவும் தென்படவில்லை என்று அலுத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அதோடு புத்தகத்தை மூடிவிடுங்கள். தொடர்ந்து படித்தால் ஆராய்ச்சியிலேயே ஆறுதல் இருக்கிறது என்கிறார் மனிதர். போதாக்குறைக்கு இரண்டே வருடத்தில் நோபல் பரிசும் வாங்கி, எண்பது வயது தாண்டியும் டெக்சாஸில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அலுப்புக்கு அழகா இது?

டார்வின் பெயரைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மனிதனைக் குரங்குக்கு உறவாக்கினார், படைப்பின் நோக்கத்தைக் காலி செய்தார், அவ்வளவு போதும். அவர் வீட்டுக்குள் மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள். 1837இல் மண்புழுவைப் பற்றிக் கட்டுரை வாசித்தவர், 44 வருடம் கழித்து, 1881இல், தமது கடைசிப் புத்தகத்தையும் மண்புழுவைப் பற்றியே எழுதினார். ஒரு ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் வயிற்றைக் கடந்து வருகிறது என்று கணக்குப் போட்டார். புழுவுக்குக் காது கேட்குமா என்று ஒரு சந்தேகம். தொட்டியில் புழுக்களை வைத்து, மகனை பாசூன் ஊதச் சொன்னார், மனைவியை பியானோ வாசிக்கச் சொன்னார். புழுக்கள் அசையவில்லை. தொட்டியையே தூக்கி பியானோவின் மேல் வைத்தார். ஒரு கட்டையை அழுத்தியதும் அதிர்வு தாங்காமல் வளைக்குள் ஓடின. புத்தகம் வந்து ஆறு மாதத்தில் இறந்துபோனார்.

இந்தப் பகுதியைப் படித்தே தீருவேன் என்றால் யாரும் பார்க்காத இடத்தில் படியுங்கள். சிரித்துவிட்டால் முதல் எண்ணிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.