‘என்’னைத் தொலைத்த கட்டளை

யூனிக்ஸ் என்ற ஊரில் டிஸ்க்கை மாட்டுவதற்கு ஒரு கட்டளை உண்டு: ‘மவுண்ட்’. கழற்றுவதற்கு ‘அன்மவுண்ட்’ என்றுதானே இருக்க வேண்டும்? கிடையாது. ‘யூமவுண்ட்’. ‘யூ’வுக்கும் ‘எம்’முக்கும் நடுவில் உட்கார வேண்டிய ‘என்’னைக் காணோம். 1971 நவம்பரில் முதல் கையேடு வந்தபோதே காணோம். அன்றிலிருந்து புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொரு பையனும் ஏழெழுத்தையும் ஒழுங்காக அடித்து, ‘அப்படி ஒரு கட்டளையே இல்லை’ என்று திட்டு வாங்கி, பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் ஊருக்குள் நுழைகிறான். சுங்கச்சாவடி மாதிரி.

அந்த ‘என்’ எங்கே போனது என்று விசாரிக்க வேண்டுமானால் ஸ்தல புராணத்தை முதலிலிருந்து ஓத வேண்டும்.

ஆதியில் மல்டிக்ஸ் இருந்தது. எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் லேப்ஸ் ஆகிய மூவரும் கூட்டுச் சேர்ந்து கட்டிய மாளிகை. மூன்று சம்பந்திகள் சேர்ந்து ஒரு வீடு கட்டினால் எத்தனை வருஷம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். 1969இல் பெல் லேப்ஸ், “ஆளை விடுங்கப்பா” என்று கழன்றுகொண்டது. பத்திரமாகக் கழன்றுகொள்வதைப் பற்றிய கதைக்கு இதைவிட நல்ல பிள்ளையார் சுழி கிடைக்காது.

நியூ ஜெர்சியின் முர்ரே ஹில்லில் இப்படிக் கை ஓய்ந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் கென் தாம்ப்சன். அந்தக் கோடையில் அவர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கலிபோர்னியாவிலிருந்த மாமியார் வீட்டுக்குப் போனார். வீட்டில் ஆள் இல்லையென்றால் நம்மவர்கள் நண்பர்களைக் கூப்பிட்டுச் சீட்டாடுவார்கள். இந்த மனிதர் கர்னலுக்கு ஒரு வாரம், ஷெல்லுக்கு ஒரு வாரம், எடிட்டருக்கு ஒரு வாரம், அசெம்பிளருக்கு ஒரு வாரம் என்று பங்கு பிரித்து ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டமே எழுதி முடித்துவிட்டார். மல்டிக்ஸைக் கிண்டல் செய்து அதற்கு யூனிக்ஸ் என்று பெயர். மாமியார் வீட்டில் இன்னும் இரண்டு வாரம் இருக்கச் சொல்லியிருந்தால் ‘என்’னையும் சேர்த்திருப்பாரோ என்னவோ.

அடுத்து, நல்ல கம்ப்யூட்டர் ஒன்று வேண்டியிருந்தது. ‘ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதப் போகிறோம்’ என்று கேட்டால் மேலிடம் தராது. மல்டிக்ஸில் சூடு பட்ட பூனை அது. அதனால், ‘ஆவணங்களைத் திருத்தி வடிவமைக்கும் வசதி செய்து தருகிறோம்’ என்று சொல்லி பிடிபி-11 ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். காப்புரிமைப் பிரிவு அந்த வசதிக்கு முதல் வாடிக்கையாளர் ஆனது. 24 கிலோபைட் நினைவகம், 512 கிலோபைட் டிஸ்க். இன்று வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் பத்திரிகை ஒன்று அதில் அடங்காது. காப்புரிமைப் பிரிவிலிருந்து மூன்று டைப்பிஸ்டுகள் வந்து நாள் முழுக்க விண்ணப்பங்களை அடித்துத் தள்ளினார்கள். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை டிஸ்க் நிரம்பிவிடும். அடித்ததையெல்லாம் டேப்புக்கு ஏற்றி இடம் ஒழிக்க வேண்டும். அதே மெஷினில், அதே நேரத்தில், பாதி வெந்த புரோகிராம்களை தாம்ப்சனும் அவர் சகா டென்னிஸ் ரிட்சியும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நினைவகத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. ஒன்று கவிழ்ந்தால் எல்லாம் கவிழும். மூன்று டைப்பிஸ்டுகளின் பொறுமைக்குக் கணினி வரலாறு இன்னும் ஒரு சிலை வைக்கவில்லை.

கழற்றி மாட்டுகிற டிஸ்க் இங்கேதான் கதைக்குள் வருகிறது. உதாரணத்துக்கு, ஆர்கே05 என்று ஒரு பெட்டி. பதினாலு அங்குலத் தட்டு ஒன்றை பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்திருப்பார்கள். தோசைக்கல்லுக்கு டப்பா போட்ட மாதிரி இருக்கும். கொள்ளளவு 2.5 மெகாபைட். ‘மவுண்ட்’ என்றால் அன்றைக்கு உவமை இல்லை. இரண்டு கையாலும் தூக்கி வாய்க்குள் செருகுவதுதான். எடுப்பதற்கு முகப்பிலுள்ள சுவிட்சை ‘ரன்’னிலிருந்து ‘லோடு’க்குத் தள்ளிவிட்டு, தட்டு சுற்றி ஓயும்வரை காத்திருந்து, ‘லோடு’ விளக்கு எரிந்த பிறகு கதவைத் திறக்க வேண்டும். இரும்பைப் பொறுத்தவரை அவ்வளவுதான் பத்திரம். சிக்கல் இரும்பில் இல்லை, கணக்கில் இருந்தது.

மளிகைக்கடை அண்ணாச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். கடன் சொல்லிப் போகிறவர்களை அவர் உடனே பேரேட்டில் ஏற்ற மாட்டார். கையில் கிடைத்த துண்டுச் சீட்டில் குறித்து ஊசிக்கம்பியில் குத்திவைப்பார். ராத்திரி கடை சாத்தியதும் பேரேடு. யூனிக்ஸும் அதே ஜாதி. நீங்கள் எழுதியதை உடனே டிஸ்க்கில் எழுதாது. நினைவகத்தில் வைத்துக்கொண்டு, ‘ஆச்சு, எழுதியாச்சு’ என்று கூசாமல் சொல்லும். யூனிக்ஸின் ஆறாம் பதிப்பில் இந்தத் துண்டுச் சீட்டுகள் மொத்தம் 15, ஒவ்வொன்றிலும் 512 பைட். 30 விநாடிக்கு ஒருமுறை ‘அப்டேட்’ என்ற பின்வாசல் வேலைக்காரன் வந்து எல்லாவற்றையும் பேரேட்டில் ஏற்றுவான். அவன் வருவதற்குள் யாராவது டிஸ்க்கை உருவிக்கொண்டு போனால், பேரேடு ஒரு கணக்கு சொல்லும், ஊசிக்கம்பி இன்னொரு கணக்கு சொல்லும். கடன்காரனுக்குக் கொண்டாட்டம்.

ஆகவே, ‘நான் கழற்றப் போகிறேன், கணக்கை முடி’ என்று முன்கூட்டியே சொல்ல ஒரு கட்டளை தேவைப்பட்டது. அதற்குப் பெயர் வைத்த நேரத்தில்தான் ‘என்’ தொலைந்தது.

அன்றைய டெலிடைப் விநாடிக்குப் பத்து எழுத்துதான் அச்சிடும்; அதன் சாவிகளை அழுத்துவதற்குக் காலையில் இரண்டு இட்லி கூடவே சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். காப்பிக்கு ‘சிபி’, மூவுக்கு ‘எம்வி’ என்று எழுத்தைச் சுருக்கியதெல்லாம் அதனால்தான் என்பார்கள். சரி, நியாயம். இன்னொரு சாக்கும் சொல்வார்கள்: பெயருக்கு எட்டெழுத்துதான் இடம் என்று. அங்கேதான் உதைக்கிறது. ‘அன்மவுண்ட்’டுக்கு ஆங்கிலத்தில் ஏழே எழுத்து. தாராளமாக உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் ஒரு சீட்டு காலியாகவும் இருந்திருக்கும். ஆக, இடப் பற்றாக்குறை இல்லை, மனப்பற்றாக்குறை. இதே வீட்டில் ‘கிரியேட்’ என்ற கர்னல் அழைப்பின் கடைசி ‘ஈ’யும் பறந்துபோயிருக்கிறது. ‘மறுபடி யூனிக்ஸ் எழுதினால் என்ன மாற்றுவீர்கள்?’ என்று பிற்காலத்தில் கேட்டபோது, அந்த ‘ஈ’யைத் திரும்பப் போடுவேன் என்றார் தாம்ப்சன். ‘என்’னைப் பற்றி மூச்சுவிடவில்லை. பெர்க்லிக்காரர்கள் பரிதாபப்பட்டு, தங்கள் யூனிக்ஸான பிஎஸ்டியில் கர்னலுக்குள் போகும் அழைப்புக்கு ‘அன்மவுண்ட்’ என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் வாசலில் நாம் அடிக்கும் கட்டளை அங்கேயும் ‘யூமவுண்ட்’தான். பத்திரிகையில் முழுப் பெயர், கூப்பிடுவது சுப்புணி.

அந்தக் கட்டளை உள்ளே போய் என்ன செய்தது என்று பார்க்க ஆறாம் பதிப்பின் மூல நிரல் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லயன்ஸ், 1977 வாக்கில் அதற்கு வரிவரியாக உரை எழுதினார், நச்சினார்க்கினியர் வேலை. அப்புறம் வந்த உரிமக் கட்டுப்பாட்டால் வகுப்பில் நடத்த முடியாமல் போக, ஒரு தலைமுறையே அதை ஜெராக்ஸ் எடுத்துப் படித்தது. அதில் ‘எஸ்யூமவுண்ட்’ என்று ஒரு சின்னச் செயல்கூறு. முதல் வேலையாக ஊசிக்கம்பிச் சீட்டுகளைப் பேரேட்டில் ஏற்றிவிடுகிறது. பிறகு கல்யாண மண்டப மேனேஜர் மாதிரி கிளம்புகிறது.

மண்டபத்தில் 100 அறை. கர்னலின் ஐநோடு பட்டியல், அதாவது புழக்கத்திலுள்ள கோப்புகளின் பதிவேடு, அவ்வளவுதான் பெரியது. மேனேஜர் முதல் அறையிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்: இந்த டிஸ்க்கைச் சேர்ந்தவர் யாராவது உள்ளே இருக்கிறாரா? ஒரே ஒரு சித்தப்பா எங்காவது வேட்டியை விரித்துப் படுத்திருந்தால் போதும், மண்டபத்தைப் பூட்ட மாட்டார். பிழை எண் 16, ‘இபிஸி’. சாதனம் மும்முரமாக இருக்கிறதாம். யார், எந்த அறை, எப்போது எழுந்திருப்பார் என்ற விவரம் எதையும் சொல்லாமல் திரும்பிவிடுவார். அவர்தான் அறையைத் திறந்து பார்த்தவர், அவருக்குத் தெரியும். ஆனாலும் சொல்ல மாட்டார். இன்றைய லினக்ஸிலும் அந்த எண் 16தான், அந்த மௌனமும் அதேதான்.

மெஷினையே அணைக்கும்போது வேறொரு சடங்கு வளர்ந்தது. சீட்டுகளை இப்போதே எழுது என்று விரட்டும் கட்டளை ‘சிங்க்’. அது, ‘எழுதச் சொல்லியாச்சு’ என்று திரும்பிவிடுமே தவிர, எழுதி முடித்தார்களா என்று பார்க்காது. ஆகவே மூன்று தடவை, தனித்தனி வரியில் அடிக்கச் சொன்னார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் மந்திரமில்லை. அந்த முரட்டு விசைப்பலகையில் அதை அடித்து முடிப்பதற்குள் டிஸ்க் எழுதி முடித்திருக்கும், அவ்வளவுதான். அடுத்த தலைமுறை புத்திசாலிகள் மூன்றையும் அரைப்புள்ளி போட்டு ஒரே வரியில் எழுதினார்கள். இடைவெளிதான் விஷயம் என்பதால் இடைவெளியை ஒழித்துவிட்டுச் சடங்கை மட்டும் காப்பாற்றினார்கள். திவசத்தன்று பூனையைக் கூடைக்குள் கவிழ்த்த கதை. லினக்ஸில் ‘சிங்க்’ எழுதி முடியும்வரை நிற்கக் கற்றுக்கொண்டு வெகு காலமாகிறது. மூன்று தடவை அடிக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நானும் அடிப்பேன். பூனை பாவம்.

1984இல் மெக்கின்டாஷ் வந்தது. ஃப்ளாப்பியை வெளியே எடுக்கப் பொத்தானே கிடையாது. திரையில் அதன் படத்தை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டால் வெளியே வரும். விருந்தாளியை வழியனுப்ப முனிசிபாலிட்டி லாரியில் ஏற்றுவது போன்ற மரியாதை.

அதே காலத்தில் சன் நிறுவனம் என்எஃப்எஸ் கொண்டுவந்தது: அடுத்த ஊர் மெஷினிலுள்ள டிஸ்க்கை இங்கே மாட்டலாம். கழற்றுவதன் வரலாற்றில் இதுதான் கலிகாலம். அந்த மெஷின் செத்தால், இங்கே அதைத் தொட்டவர்களெல்லாம் உறைந்து நிற்பார்கள். கொல்லவும் முடியாது, ‘கில் மைனஸ் ஒன்பது’ என்ற பிரம்மாஸ்திரமும் பல்லிளிக்கும். நான் ராத்திரி ஷிப்ட் பார்த்த ஓர் அலுவலகத்தில் (பெயர் வேண்டாம், இன்னும் பி.எஃப். பாக்கி) இப்படி ஒரு நாள். என்ன ஆயிற்று என்று பார்க்க ‘டிஎஃப்’ அடித்தேன். அந்த டெர்மினல் போச்சு. வேறொன்றில் ‘எல்எஸ்’, அதுவும் போச்சு. மூன்றாவதில் ‘யூமவுண்ட்’ அடித்தேன். கழற்ற வந்தவனும் வரிசையில் சேர்ந்து நின்றுகொண்டான்.

இபிஸி சொல்லாத ரகசியத்தைச் சொல்ல இரண்டு உளவாளிகள் உண்டு. ஒன்று ‘எல்எஸ்ஓஎஃப்’, பர்டியூ பல்கலைக்கழகத்தின் விக் ஏபெல் எழுதியது. எந்தக் கோப்பை யார் திறந்து வைத்திருக்கிறார் என்று பட்டியல் போடும். மற்றது ‘ஃபியூசர்’. அது உளவாளி மட்டுமில்லை, கூடவே அரிவாளும் வைத்திருக்கும். சரியான எழுத்துகளைச் சேர்த்தால் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் அத்தனை பேரையும் வெட்டிவிட்டு வரும். எங்கள் சீனியர் ஒருவர் பேக்கப் டிஸ்க்கை விடுவிக்க அதை ஏவினார்.

“அண்ணே, டிஸ்க் மாட்டியிருக்கான்னு பாத்தீங்களா?”

“எல்லாம் மாட்டிதான்டா இருக்கும். நீ போய் டீ சொல்லு.”

மாட்டியிருக்கவில்லை. டிஸ்க் இல்லாதபோது அந்த டைரக்டரி, எல்லாரும் குடியிருக்கும் மூல டிஸ்க்கின் ஒரு மூலைதானே? ஃபியூசர் அந்த மூல டிஸ்க்கைப் பிடித்திருந்த எல்லாரையும் வெட்டியது. டேட்டாபேஸ், மெயில், கடைசியில் அண்ணன் உட்கார்ந்திருந்த லாகின். டீ வந்தபோது திரை கறுப்பாக இருந்தது. டைரக்டரி உண்மையிலேயே மவுண்ட் செய்த இடம்தானா என்று பார்த்துவிட்டு வெட்டும் தேர்வு ஒன்று பிற்பாடு சேர்ந்தது. எத்தனை அண்ணன்கள் அதற்குக் காரணமோ.

2001இல் லினக்ஸ் 2.4.11 சோம்பேறிக் கழற்றலைத் தந்தது. மண்டபத்தின் பெயர்ப் பலகையை உடனே இறக்கிவிடுவார்கள். புதிதாக யாரும் நுழைய முடியாது. உள்ளே இருக்கும் சித்தப்பா தூங்கி எழுந்து போனதும் பூட்டு தானாக விழும். நாகரிகமான ஏற்பாடு. ஆனால் அந்த 2.4.11 வேறொரு பிழையால், ‘உபயோகிக்காதே’ என்ற பின்னொட்டோடுதான் காப்பகத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதே வருஷம் நவம்பரில், அமெரிக்கர்கள் வான்கோழி தின்னும் பண்டிகையை ஒட்டி, லினஸ் டோர்வால்ட்ஸ் 2.4.15 வெளியிட்டார், செல்லப்பெயர் ‘எண்ணெய் தடவிய வான்கோழி’. ஒழுங்காக, முறைப்படி யூமவுண்ட் செய்தால் ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போனது. முப்பது வருஷமாகப் ‘பத்திரமாகக் கழற்று’ என்று உபதேசம் கேட்டவன் அப்படியே செய்தான், அவனுக்குத்தான் அடி. அதோடு லினஸ் 2.4இன் சாவிக்கொத்தை மார்செலோ டோசாட்டி என்ற 18 வயதுப் பையனிடம் கொடுத்துவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார். பையன் சில நாளிலேயே 2.4.16ஐ வெளியிட்டு ஓட்டையை அடைத்தான். குடியேறிய அன்றே செப்டிக் டேங்க்.

போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பழைய போட்டோக்களை வெளி டிஸ்க் ஒன்றில் ஏற்றிவிட்டு யூமவுண்ட் அடித்தேன். மும்முரமாக இருக்கிறதாம். போட்டோ பார்க்கும் புரோகிராமை மூடினேன். மும்முரம். ஃபைல் மேனேஜரை மூடினேன், வைரஸ் தேடும் சமாசாரத்தை நிறுத்தினேன், மகளிடம், “நீ ஏதாவது திறந்து வச்சிருக்கியாம்மா?” என்று விசாரித்தேன். அவள் ஊரிலேயே இல்லை, போனில்தான் பேசினாள். அரை மணி நேரம் கழித்துத்தான் எல்எஸ்ஓஎஃப் நினைவுக்கு வந்தது.

ஒரே ஒரு வரி வந்தது. கட்டளை: பேஷ். பயனர்: நான். பிடித்திருக்கும் விதம்: ‘நடப்பு டைரக்டரி’. யூமவுண்ட் அடித்த அதே ஜன்னல்தான், அந்த டிஸ்க்குக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, ‘யார்ரா உள்ளே?’ என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

‘சிடி’ என்று அடித்தேன். பின்னால் எதுவும் சேர்க்காவிட்டால் அது ஆளை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.