முழுகாத கணக்கு

எனக்கு ஆறு வயது இருக்கும். "எம்பட மக முழுகாம இருக்கறா" என்று அப்பத்தா பக்கத்து வீட்டில் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. அன்றிலிருந்து அத்தை கூப்பிட்டால் எட்ட நின்றே பதில் சொன்னேன். அத்தைக்கு நடந்த கட்டுச்சோறு விருந்தன்று, "குளிக்காதவங்களுக்கு எதுக்கு இத்தனை சோறு?" என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கினேன்.

வீட்டுக்குத் தூரமாவது நின்றால் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் குளியலும் நின்றுபோகும், அதுதான் முழுகாமல் இருப்பது என்று புரிய எனக்கு மீசை முளைக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வந்தபோது வாத்தியார், "ஊட்ல படிச்சுக்குங்க" என்று பக்கத்தைத் தள்ளினார். வீட்டில் நான் தள்ளினேன். மனதில் நின்றது ஒரே எண்: கருமுட்டை வெளிவரும் நாள், 14.

சென்னிமலையில் பெட்ஷீட் நெய்கிறவர்கள் நிறைய. நான் நெய்ததற்குக் கணக்கு எழுதுகிறவன். பாவு, ஊடை, கூலி, பாக்கி என்று எதிலும் ஒரு ரூபாய் உதைத்தால் எனக்குத் தூக்கம் வராது. அப்பேர்ப்பட்டவனுக்குக் கல்யாணமாகி மூன்று வருடமாகியும், "ஏதாச்சும் விசேஷமுங்களா?" என்று கேட்பவர்களுக்குச் சொல்லப் பதில் இல்லை.

கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய மலையின் அடிவாரத்தில் இருந்துகொண்டு, சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்ற பேச்சைத் தட்ட முடியுமா? என் மனைவி சஷ்டிதோறும் விரதம் இருந்தாள், 1320 படியும் ஏறினாள். நான் என் பங்குக்கு 14 எண்ணினேன்.

எண்ணியது அவள் தலைக்கு ஊற்றிய நாளிலிருந்து. உண்மையில் நான்காம் நாள், என் ஏட்டில் முதல் நாள். என் 14 அசல் கணக்கில் 17. அந்த ஒரு நாளுக்காக மற்ற நாட்களில் விரதம் காத்தேன். அந்த நாள் திங்கள் இரவில் விழுந்து, நான் ஈரோடு ஜவுளிச் சந்தையில் நின்றிருந்தால் அந்த மாதம் அதுவும் போச்சு.

கடைசியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம்.

"எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க?"

"மாசத்துக்கு ஒருக்காங்க" என்றேன் நான். அவர் என்னைத் தாண்டி அவளைப் பார்த்தார்.

"26 நாளுங்க. காலண்டர்ல புள்ளி வெச்சிருக்கறனுங்க."

புள்ளியா? பால் கணக்கு எழுதும் காலண்டரில் மாதம் தவறாமல் புள்ளி இருக்கும். அன்று பால் வரவில்லை போல என்று, மூன்று வருடமாகப் பால்காரரிடம் அந்த நாள் காசைப் பிடித்திருக்கிறேன்!

ரத்தம் கண்ட நாள்தான் முதல் நாள் என்றார் டாக்டர். அடுத்த தூரத்துக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னால் முட்டை வரும். 28 நாளுக்கு ஒருமுறை தூரமாகிறவருக்கு அது 14ஆம் நாளில் விழும். இவளுக்கு 12 வாக்கில். ஒகினோ என்ற ஜப்பானிய மருத்துவர் இந்தப் பின்னோக்கிய எண்ணிக்கையை 1924இலேயே எழுதிவிட்டார். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள், விந்தணு ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆக, முட்டை வரும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும் சேர்த்து ஆறு நாள்தான் வாய்ப்பு. அதில் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தாலே போதும். நானோ மாதாமாதம் லாரி போன பிறகு பேல் கட்டியிருக்கிறேன்.

"டெஸ்ட்டு ரெண்டு பேருக்கும் எடுக்கோணுங்க" என்றார். இது அவள் சம்பந்தப்பட்டது மட்டும் என்று நினைத்திருந்தவன், சின்ன டப்பாவை மஞ்சப்பைக்குள் ஒளித்து எடுத்துக்கொண்டு லேபுக்கு நடந்தேன்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "ஏனுங்க, என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்ல?"

அடுத்த வருடம் பாப்பா பிறந்தாள். நான் அடங்கவில்லை. அடுத்தது இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவானபோது, மாத்திரை, காப்பர்-டி பேச்சையெல்லாம் கையமர்த்தினேன். "பால் குடுக்கற, இன்னும் தூரமும் ஆகல. எண்ணவே வேண்டீதில்ல" என்று தீர்ப்புச் சொன்னேன். இந்த முறையும் அவளைக் கேட்கவில்லை.

அந்தக் காப்பு, குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும் வரைதான். அதுவும் இரவு பகலாகத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, தூரமும் ஆகாமல் இருந்தால்தான். எங்கள் பாப்பாவோ எட்டு மாதத்தில் ராகிக் கூழை வழித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்குப் பின் முதல் தூரத்துக்கு முன்னாலேயே முட்டை வந்துவிடலாம் என்பது என் பேரேட்டில் இல்லை.

"கடைசியா எப்ப தூரமானீங்க?" என்று கேட்டார் அதே டாக்டர்.

"பாப்பா பொறந்ததுக்கப்புறம் ஆகவே இல்லீங்க."

ஒருமுறைகூடத் தலைக்கு ஊற்றாமலேயே முழுகாமல் இருந்தாள். ஆறு வயதில் புரியாதது போலவே இப்போதும் விழித்தேன்.

பால்காரருக்கு மட்டும் மூன்று வருடத்துப் பாக்கியைக் கொடுத்துத் தீர்த்தேன். காரணத்தைச் சொல்லவில்லை. "இனி தினமும் ஒரு லிட்டர் சேத்தி ஊத்துங்க" என்று சொன்னபோது, அவரே புரிந்துகொண்டு கேட்டார்: "விசேஷமுங்களா?"