தெல்தெனியவின் மேசை வட்டம்: தளபாடத் துடைப்பியலுக்கு ஒரு முன்னாய்வு

1. பெயராய்வு

தளபாடம் என்பது வீட்டின் தளத்தில் அசையாது கிடந்து, இருட்டில் நடப்போரின் சுண்டுவிரலுக்குப் பாடம் புகட்டுவது என்று பொருள்படும். இச்சொல்லுக்கு வேறு வேர் காட்டுவோரும் உளர், அவர்கள் வெளிச்சத்தில் நடப்பவர்கள். மேசை, கதிரை, அலுமாரி ஆகிய மூன்றும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள், லாச்சி ஒல்லாந்தர் தந்தது. ஆகவே கண்டி மாவட்டத்துத் தெல்தெனியவில் காலையில் முன்னறையைத் துடைப்பவர், தேநீருக்கு முன்னரே இரண்டு ஐரோப்பிய ஆட்சிகளின் தூசைத் தட்டிவிடுகிறார் என்பது பெறப்படும். இத்துடைப்புக்குத் தொல்காப்பியத்தில் சான்று வேண்டிப் பொருளதிகாரத்தை அதன் பெயரை மட்டும் நம்பிப் புரட்டுவோர் வெறுங்கையுடன் திரும்புவர். ஆயினும் ஆய்வேட்டுடன் திரும்புவர்.

இயற்கை முறை என்பது, கடையில் விற்கும் புட்டியை நாடாமல், சமையலறையில் இருப்பதைக் கொண்டே துடைத்தல். இதனைப் பாட்டி செய்தால் சிக்கனம் எனவும், பேத்தி செய்தால் சூழலியல் எனவும் வழங்குவர்.

2. பாகுபாடு

பிளாஸ்டிக் கதிரை: கழுவுக.

பித்தளைக் கைபிடி: பழப்புளி.

பிரம்புக் கதிரை: தொய்ந்த பின்னலை நனைத்து உலரவிட, அது மீண்டும் இறுகும்; அமர்ந்து தொய்வித்தவருக்கு இம்முறை பயன்படாது.

செற்றி: அப்பச்சோடாவைத் தூவி, ஒரு மணிநேரம் கழித்துத் தட்டுக, தட்டும்போது யாரை நினைப்பது என்பது தட்டுவோர் விருப்பம்.

அலுமாரி: வடகீழ்ப் பருவமழையில் தும்பறைப் பள்ளத்தாக்கின் ஈரம் உள்ளே புகுந்து பூஞ்சணம் பிடித்தால், வினாகிரி தோய்த்த துணியால் துடைத்து, வெயில் வரும் நாளில் கதவைத் திறந்து வைத்து, பின்னர் கராம்பை முடிந்து மூலையில் இடுக. வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாய்க் கலந்தால் பெருநுரை பொங்கும் என்பது உண்மையே. ஆனால் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்த்தபின் பாத்திரத்தில் எஞ்சுவது ஏறக்குறைய உப்புநீர்தான் என்பதால், இது துடைப்பு முறை அன்று, கருத்தரங்கு முறை.

3. வட்டவியல்

மேற்கூறியன சில்லறை விடயங்கள். இத்துறையின் உயிர்நிலை வட்டம் ஆகும். பீரிசைத் துறந்த தேநீர்க் கோப்பை, பொலிஷ் போட்ட பலாமர மேசையில் தன் அடிப்பாகத்தால் இடும் முத்திரையே வட்டம் எனப்படும். அது வெண்வட்டம், விருந்துவட்டம், கருவட்டம் என மூவகைப்படும்.

வெண்வட்டமாவது, கோப்பையின் சூடு ஈரத்தைப் பொலிஷுக்குள் செலுத்த, அப்பூச்சு மங்கி வெளுத்துத் தோன்றுவது. மரம் கெடாமல் பூச்சு மட்டுமே கலங்கியிருப்பதால், சலித்த அடுப்புச் சாம்பலைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, மரத்தின் இழை ஓடும் திசையில் மெல்லத் தேய்த்தால் அது நீங்கும் (காண்க: சமையலறைச் சுவர்க் கலண்டர், ஐப்பசித் தாள், பின்புறம்). தேங்காய் எண்ணெய் உலர்ந்து இறுகும் இனத்தது அன்று ஆகையால், மிச்சத்தை ஒற்றி எடுக்காவிடில், நீக்கிய வட்டத்தின் இடத்தில் தூசு வட்டமாய்க் குடியேறும் (காண்க: மேற்படி கலண்டர், கார்த்திகைத் தாள், பால் கணக்குக்குக் கீழும் எண்ணெய்க் கறைக்கு மேலும், கறை பிற்கால இடைச்செருகல் என்பது ஒருசாரார் கொள்கை).

விருந்துவட்டமாவது, பழைய மேசைகளின் பொலிஷ் அரக்கினால் ஆனது என்பதை மறந்தோர் இடுவது. அரக்கு என்பது பூச்சியிலிருந்து பெறும் பிசின். அது மதுசாரத்தில் கரையும். தமிழில் அரக்கு என்பது மேசைமேல் பூசுவது. சிங்களத்தில் அரக்கு என்பது சாராயம், அதாவது பூசியதைக் கரைப்பது. இருமொழியும் புழங்கும் ஊரில், ஒரே சொல் நோயையும் நோயாளியையும் குறிப்பது, மொழியியலாருக்கு வியப்பையும் வீட்டுக்காரிக்குக் கோபத்தையும் தருகிறது (காண்க: மேற்படி கலண்டர், மார்கழித் தாள், விருந்தினர் பெயர்ப்பட்டியல், சிவப்பு மையால் இருமுறை கோடிட்ட பெயர், கோடு கிழித்தவர் தாமே பட்டியலையும் எழுதினாரா, அன்றிப் பட்டியல் அவருடைய கணவருடையதா என்பது கையெழுத்தாய்வால் தீர்க்கப்பட வேண்டியது, அத்தாள் பின்னர் கராம்பு முடியப் பயன்பட்டமையால் மூலம் கிடைக்கவில்லை, மணம் மட்டும் கிடைக்கிறது).

கருவட்டமாவது, நீர் பூச்சைக் கடந்து மரத்துக்குள் இறங்கி, அதன் துவர்ப்புச் சத்து இரும்போடு கூடிக் கறுத்துப் போவது. இதற்குச் சாம்பலும் எண்ணெயும் பயன்படா.

4. துடைதுணிச் சிக்கல்

மூல ஏடான மேற்படி கலண்டரில் "பழைய வேட்டித்துண்டால் துடைக்க" என்றிருப்பது பெரும் பூசலுக்கு இடமாயிற்று. துண்டாவது தோளில் இடும் துவாய் என்று தமிழகத்து உரைமரபும், துண்டாவது கிழிசல் என்று இலங்கை உரைமரபும் கொள்ளும். வேட்டியும் துண்டும் என உம்மைத்தொகையாக விரித்து, துடைப்பவர் ஆண் என்று நிறுவும் மூன்றாம் கட்சியும் உண்டு. மூன்று கட்சியாரும் கூடி ஆராயும் மேசையை, அவர்கள் முழங்கையைத் தூக்கச் சொல்லித் துடைத்துவிட்டுப் போனவரை எந்தக் கட்சியும் சான்றாகக் கொள்ளவில்லை. அவரிடம் நூல் இல்லை, துணி மட்டுமே இருந்தது.

5. முடிபு

ஆய்வுக்களமாகத் தெல்தெனிய தேர்ந்தெடுக்கப்பட்டமைக்குக் காரணம் கூறுதல் நெறியாகும். 1985இல் திறக்கப்பட்ட, 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணையால் மகாவலியின் நீர் தேங்கிப் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. மக்கள் மேட்டில் எழுந்த புதிய நகருக்குக் கதிரையையும் அலுமாரியையும் தூக்கிக்கொண்டு ஏறினர். எந்த இரசாயனமும் சேராமல், வெறும் நீரால் ஒரு நகரையே துடைத்தமையின், இயற்கை முறைக்கு இதனினும் பெரிய எடுத்துக்காட்டு இத்துறைக்குக் கிட்டாது.

எனினும் கடும் வரட்சியில் நீர்மட்டம் தாழும்போது, மலைச்சரிவில் நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் புல்லற்ற மண்ணிறப் பட்டை ஒன்று தெரிகிறது, கீழே பழைய கட்டடங்களின் எச்சங்களும் தலைகாட்டுகின்றன. பீரிசின்றி வைத்த பெருங்கோப்பையின் தடம் இது என்பதில் ஐயமில்லை. வெண்வட்டமா, கருவட்டமா என்பதே ஐயம். இதனைத் தீர்க்க வல்லவர்கள் பழைய ஊரில் வீடு இருந்தவர்கள். அவர்களோ வட்டவியலில் நாட்டமின்றி, நீர் வற்றும்போது இறங்கிப் போய், முன்னறை இருந்த இடம் எது என்று பார்த்துவிட்டு வருகிறார்கள்.